முதல் தோசை

ரேணுகாதேவி வேலை பார்த்த இடத்தில் முதல் தோசைக்கு மரியாதை கிடையாது. ஹோட்டல் என்று நினைத்துவிட வேண்டாம். கோவை சரவணம்பட்டியில் இருந்த பரிசோதனைக் கூடம் அது. இரண்டு கம்பெனிக்காரர்கள் எங்கள் பிராசஸர்தான் வேகம், உங்களுடையது நத்தை என்று மல்லுக்கு நின்றால், கடைசியில் அங்கேதான் வந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே வேலையைக் கொடுத்து, எது முந்துகிறது என்று அளந்து சொல்வார்கள்.

எந்தப் பிராசஸரும் ஒரு வேலையை முதல் தடவை செய்யும்போது கொஞ்சம் திணறும். வேண்டியது எதுவும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்காது. தேடி எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாம் தடவையிலிருந்து சூடு பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, மற்றவற்றின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். "கல்லு காயறதுக்கு முன்னாடி ஊத்துன தோசை பிஞ்சுதான் வரும். அத வெச்சு ஊத்துனவள எடை போடலாமா?" என்று ரேணுகா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லப்போய், அந்தக் கூடத்தில் அதற்கு முதல் தோசை என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமும் அதுதான். முதல் தோசையைத் தூக்கிப் போடு.

அந்த வருஷம் மேசைக்கு வந்த இரண்டு பிராசஸர்களுக்கும் தும்பி, ராஜாளி என்று பெயர். பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களுக்கானவை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அந்த ஆள் சொல்ல நினைப்பதை மூளையிலிருந்து பிடித்து, சட்டைக் காலரில் மாட்டிய சின்ன ஸ்பீக்கர் வழியாக அவருடைய சொந்தக் குரலிலேயே பேசும். யாராவது கேள்வி கேட்டால்தான் இரண்டும் விழித்துக்கொள்ளும். பதில் சொன்னதும் மறுபடி தூங்கிவிடும். அப்படி இல்லாவிட்டால் மனசுக்குள் ஓடுவதெல்லாம் சபையில் கொட்டிவிடும் அல்லவா? நம்மில் எத்தனை பேர் அதைத் தாங்குவோம்!

தும்பி பழையது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளும். ராஜாளி புதிது. கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்து நிற்கும். ரேணுகாவின் அறிக்கையில் ராஜாளி ஜெயித்தால் ஆஸ்பத்திரிகள் எல்லாம் அதற்கு மாறிவிடும், தும்பியைச் செய்வதையே நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ஜெயிப்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. மேசையில் மட்டுமா, ரேணுகாவின் வீட்டிலேயே ராஜாளிதான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் தனபாலுக்கு ஒண்டிப்புதூரில் பேக்கரி. டீ குடிக்க வந்தவனிடம் நாலு வார்த்தை வம்பு பேசாமல் மீதிச் சில்லறை தரமாட்டார். கேலியைச் சொல்லி முடித்ததும் இடது கையால் கல்லா மேசையைப் பட்டென்று தட்டுவார். அந்தத் தட்டலுக்காகவே சிரிக்க ஒரு கூட்டம் இருந்தது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே காலையில் வலது கையும் பேச்சும் போயின. எழுத்தும் சேர்ந்து போனது. கேட்பதெல்லாம் புரியும். ஆனால் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். அது அவருக்கே தெரிந்து, பிறகு தலையாட்டுவதையே விட்டுவிட்டார்.

தும்பியை மாட்டியபோது குரல் திரும்பியது. ஆனால் அந்தக் காத்திருப்பு இருக்கிறதே! "டீயா காபியா?" என்று கேட்டுவிட்டு ரேணுகா ஒரு கூடைத் துணியை மடித்து முடிக்கலாம். பெங்களூரிலிருந்து பேசும் மகன் கவின், "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பான். அப்புறம், "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பான். கடைக்கு அழைத்துப் போனால், "எப்படி இருக்கீங்கண்ணா?" என்று கேட்டவன் பதில் வருமுன் பஸ் ஏறிப் போய்விடுவான். பஸ் போன திசையைப் பார்த்து, "நல்லா இருக்கேன் கண்ணு" என்று ஸ்பீக்கர் சொல்லும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் தனபால் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ரேணுகாவுக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறாது.

ராஜாளியை வீட்டில் வைத்துப் பழக்கிப் பார்க்க ஆஸ்பத்திரியில் சிலரைத் தேர்ந்தெடுத்தபோது தனபாலுக்கும் இடம் கிடைத்தது. முதல் சில நாள் அதுவும் தும்பி மாதிரித் திணறத்தான் செய்தது. பழகிக்கொள்கிறது என்றார்கள். பழகிக்கொண்டது. அதன் பிறகு சும்மா சொல்லக்கூடாது, பழைய தனபால் திரும்பி வந்துவிட்டார்.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"பிரேக் இல்லாத டவுன் பஸ்ஸு மாதிரி ஓடிட்டிருக்கேன் கண்ணு."

கடையே சிரித்தது. தனபால் கல்லா மேசையைப் பட்டென்று தட்டினார். கடையைச் சேர்ந்து நடத்திய லாரன்ஸ், "பாத்தீங்களாக்கா, தட்டறாரு! அண்ணன் பழைய ஆளாயிட்டாரு" என்று ரேணுகாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கவின் கேள்வி கேட்ட கையோடு பதில் வாங்கினான். அப்பாவும் பிள்ளையும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ரேணுகா சமையலை முடிப்பாள். சாயங்காலம் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தினமும் கேட்பாள்.

"வயித்துக்கு ஒண்ணும் பண்ணலீங்களே?"

"கல்லத் தின்னாலும் செரிக்கும் அம்மிணி."

பட்.

ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டல் கொஞ்சம் பலமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் டம்ளர் துள்ளி விழுந்தது. ரேணுகா அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷம் வாயடைத்துக் கிடந்த மனுஷன், தட்டட்டுமே என்று சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்து வைத்தாள்.

கூடத்தில் வேலை முடிகிற கட்டத்துக்கு வந்தது. ராஜாளியை வடிவமைத்த குழுவிலிருந்து ஃபர்ஹானா என்ற பெண் மேற்பார்வைக்கு வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வந்த அன்றே அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்.

"எங்க அத்தாவுக்காகத்தான்க்கா இதச் செஞ்சேன்" என்றாள் ஒருநாள் டீ குடிக்கும்போது, பேச்சிழந்த தன் அப்பாவைப் பற்றி. "ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல அவரு முட்டி மோதிக்கிட்டு நிப்பாரு. நெத்தியெல்லாம் வேர்த்துடும். பாக்கச் சகிக்காது. இப்போ ஃபோன் பண்ணுனா டக்குன்னு சொல்றாரு. 'நல்லாருக்கேன்மா, நீ வேலையப் பாரு'ன்னு."

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம் கண்ணு. எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்றாள் ரேணுகா. வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவளுக்கு.

டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை, ஃபோன் அடித்தது. லாரன்ஸ். "அக்கா, பதறாதீங்க. அண்ணன் கல்லாவுலயே சாஞ்சுட்டாரு. வாந்தில ரத்தம் வந்துது. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ட்டிருக்கோம், நீங்க நேரா அங்க வந்துருங்க."

ரேணுகாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஃபர்ஹானாதான் வண்டியை எடுத்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் டாக்டரம்மா மற்றதைப் பேசினார். "வயித்துல புண்ணு. ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்கற மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணிடும். இந்த அளவுக்கு வரணும்னா நெருப்பா எரிஞ்சிருக்கணுமே, பல வாரமா. அவரு சொல்லவே இல்லையா?"

"தினமும் கேட்டனுங்க டாக்டர். ஒரு நாள் விடாமக் கேட்டேன்."

டாக்டரம்மா படுக்கை பக்கம் குனிந்தார். "ஐயா, வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையா உங்களுக்கு?"

"கல்லத் தின்னாலும் செரிக்கும் அம்மிணி."

ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மறுகை கட்டில் கம்பியை ஓங்கி அடித்தது. நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும் லேசாகச் சிரித்து, "நல்ல தமாஷான ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேணுகா சிரிக்கவில்லை. அம்மிணி என்று தனபால் உலகத்தில் ஒருத்தியைத்தான் கூப்பிடுவார். முன்பின் தெரியாத டாக்டரை அவர் அப்படிக் கூப்பிட மாட்டார், தலைகீழாக நின்றாலும் மாட்டார். அவர் முகத்தை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள். சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கண் நிறையத் தண்ணீர் நின்றது.

இருபது வருஷமாகப் பிராசஸர்களைச் சோதித்தவள். என்ன செய்ய வேண்டும் என்று அவள் மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த ஜென்மத்தில் யாரும் அவரிடம் கேட்டிருக்க முடியாத ஒரு கேள்வி வேண்டும்.

"ஏனுங்க, மழைல நனைஞ்சா பன்னுக்குச் சளி புடிக்குங்களா?"

தனபால் அவளையே பார்த்தார். ஸ்பீக்கரில் சத்தமில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வராந்தாவில் ஸ்டிரெச்சர் ஒன்று உருண்டு போனது. தும்பி காலத்தில் காத்திருந்த அதே காத்திருப்பு.

"உனக்கென்ன பைத்தியமா அம்மிணி?" என்றது ஸ்பீக்கர்.

ரேணுகா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அதையே மறுபடி கேட்டாள். "மழைல நனைஞ்சா பன்னுக்குச் சளி புடிக்குங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா அம்மிணி?" வாயை மூடுவதற்குள் வந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். கம்பியில் கை விழுந்தது. பட்.

முதல் தடவை பேசியது அவள் புருஷன். அடுத்த இரண்டு தடவையும் பேசியது யார்? ஒரு முறை கேட்டு வாங்கிய பதிலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அதே மாதிரிக் கேள்வி எப்போது வந்தாலும் அந்த ஆளைக் கேட்காமலே எடுத்து நீட்டியது எது? இதைத்தான் வேகம் என்று நினைத்து அவள் கொண்டாடியிருந்தாள். நோயாளி இருக்கிற வீட்டில் புதுக் கேள்வி யார் கேட்கிறார்கள்? சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, வயிறு எப்படி. முதல் சில நாளில் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தனபாலை யாருமே எதுவுமே கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கேள்வியையும் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும் என்று அவளுக்குப் புரிந்தது. வார்த்தைகளை மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"அந்த ராஜாளி உங்கள முந்திக்கிட்டுப் பேசுதுங்களா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் நெற்றியில் வேர்த்தது.

"ஆமா" என்றது குரல். பிறகு கொஞ்சம் நின்று, "மேசைய அடிச்சு அடிச்சுச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க."

ரேணுகா அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வேறென்ன செய்வது? வாயில்லாத ஒரு மனுஷன் கையில் இருந்த ஒரே வார்த்தை அந்தத் தட்டல். அதற்கும் அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து தமாஷ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த நிமிஷமே ராஜாளியைப் பிடுங்கிப் போட அவள் கை துடித்தது. காதுக்குப் பின்னால் விரல்கூடப் போய்விட்டது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள். அவரைக் கேட்காமல் முடிவு செய்கிற வேலையைத்தானே அந்தச் சனியனும் செய்தது. கேட்டுவிட்டே கழற்றலாம், கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் அவர் வலியைப் பற்றி ஸ்பீக்கரில் வரும் பதிலை நம்ப வேண்டாம், தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் ராஜாளி மாட்டிய மற்றவர்களின் வீட்டுக்கெல்லாம் அன்றே தகவல் சொல்லச் செய்தாள்.

மறுநாள் கூடத்தில் ஃபர்ஹானாவை மேசைக்கு அழைத்தாள்.

"முதல் தோசைய எடுத்துப் பாக்கலாம் வா கண்ணு."

"அதத்தான் நாம சேத்தறதே இல்லியேக்கா?"

"அதுதான் தப்பாப் போச்சு."

முதல் ஓட்டத்தையும் அளக்கிற மாதிரி மாற்றி, தும்பியையும் ராஜாளியையும் ஓட விட்டார்கள். முதல் தடவையில் இரண்டும் ஏறக்குறைய சமம். சொல்லப்போனால் தும்பி ஒரு மயிரிழை முந்தியது. இரண்டாம் தடவையிலிருந்துதான் ராஜாளி பறந்தது. இதில் ஃபர்ஹானாவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"அப்படித்தான்க்கா அத எழுதியிருக்கோம். ஒரு தடவ கணக்குப் போட்டத எந்தப் பிராசஸரும் மறுபடி போடாதே. வெச்சிருக்கற விடையக் குடுத்துடும். உங்களுக்குத் தெரியாததா?"

"கணக்குக்குச் சரி. ரெண்டும் ரெண்டும் நேத்தும் நாலு, இன்னிக்கும் நாலு. வயித்துவலி அப்படீங்களா?"

ஃபர்ஹானா நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்போ இத மட்டும் பாரு" என்று ரேணுகா கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு, சோதனைக்கென்று பதிவுசெய்து வைத்திருந்த மூளைச் சமிக்ஞையை மட்டும் மாற்றினாள். வலி இல்லை என்று முன்பு நினைத்த அதே ஆள் இப்போது வலிக்கிறது என்று நினைக்கிறார். தும்பி நேரம் எடுத்துக்கொண்டு, "வலிக்குது" என்றது. ராஜாளி கண் இமைப்பதற்குள், "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்" என்றது. மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் நல்லாருக்கேன்.

"நாங்க இத சோதிக்கவே இல்லக்கா" என்றாள் ஃபர்ஹானா மெல்ல. "ஒரே கேள்விக்கு ஒரே பதில் வருதான்னுதான் பாத்தோம். வந்தா பாஸ் போட்டோம்."

"நானும் அதுக்கு மேல பாக்கலையே. உன்ன மட்டும் நான் என்னத்தச் சொல்றது?"

ஃபர்ஹானா மேசையை விட்டு எழுந்தாள். ஃபோனை எடுத்தாள். அவள் அத்தாவின் பெயரைத் தொட்டாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

"என்ன கேக்கறதுன்னு தெரியலக்கா" என்றாள். "சாப்ட்டீங்களா, தூங்குனீங்களா, மாத்திரை போட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு. இத்தன வருஷமா இதத் தவிர வேற ஒண்ணுமே நான் அவர்கிட்ட கேட்டதில்லக்கா."

ரேணுகா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "பன்னுக்குச் சளி புடிக்குமான்னு கேளு" என்றாள். ஃபர்ஹானா அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். "அத்தா, நான் ஃபோன் பண்ணாத நாள்ல நீங்க என்ன செய்வீங்க?" என்று அவள் கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் வெகுநேரம் வராந்தாவில் பேச்சே இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

தனபால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் ரேணுகா அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பழைய தும்பியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தாள். கேள்வியை நாலு நாளாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தவறிக்கூட வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைதானே கேட்கலாம்.

"எனக்குப் புரிஞ்சது இதுதானுங்க. ராஜாளி வெச்சுக்கிட்டா பேச்சு டக்குனு வரும், ஆனா அது உங்க பேச்சா இருக்காது. தும்பி வெச்சுக்கிட்டா அத்தனையும் உங்க பேச்சு, ஆனா எல்லாரும் பாதியில எந்திரிச்சுப் போயிடுவாங்க. ரெண்டுல எது வேணும்னு நீங்கதான் சொல்லோணும். எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் காய்கறிக்காரர் தக்காளி விலையைக் கூவிக்கொண்டே போய், திரும்பியும் வந்துவிட்டார். தும்பிதான் வேண்டும் என்பார் என்று ரேணுகா உறுதியாக நம்பினாள். அதற்கு ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள்.

"கடைக்கு ராஜாளி" என்றார் தனபால். கொஞ்சம் விட்டு, "வீட்டுக்குத் தும்பி."

ரேணுகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க சொல்றீங்க? அத்தன பாடு படுத்துச்சே அது?" என்றாள்.

இதுவும் புதுக் கேள்விதான். அவள் பொறுத்திருந்தாள்.

"கடைக்கு வர்றவனுக்கு என்னப் பத்தி என்ன தெரியோணும்? எப்படி இருக்கீங்கம்பான். அவன் சிரிக்கோணும், டீ குடிக்கோணும், போகோணும். வாயிருந்தப்பவும் நான் யோசிச்சா சொன்னேன்? அதுக்கு அது போதும்." அடுத்தது வர இன்னும் நேரம் ஆனது. "உனக்கு அது போதாது."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தனபால் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. வாய் நன்றாக இருந்த காலத்திலும் கேலிதான், தட்டல்தான். ரேணுகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ராஜாளியைக் கழற்றினாள். தும்பியை மாட்டிவிட்டாள்.

அறிக்கையை எழுத அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் இருக்கிற இடங்களில் ராஜாளி வேகமானது என்று எழுதினாள். வலி, பசி, பயம், விருப்பம், இவற்றைக் கேட்கிற இடத்தில் தும்பிதான் வேலையைச் செய்கிறது, ராஜாளி வேலை செய்ததாகக் காட்டுகிறது என்று எழுதினாள். தும்பியை நிறுத்தக் கூடாது. யாருக்கு எது என்பதை அந்த ஆளையே, அதுவும் தும்பி வழியாகவே கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதினாள். இனிமேல் இந்தக் கூடத்தில் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடும் வழக்கம் கிடையாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். அப்படி ஒரு வழக்கத்தை அங்கே ஊன்றியவளே அவள்தான். ஃபர்ஹானாவும் கம்பெனி சார்பில் மறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, லீவு எழுதிக் கொடுத்து, அத்தாவைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினாள்.

அறிக்கை போன அன்று சாயங்காலம் ரேணுகா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். தனபால் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். லாரன்ஸ் அனுப்பிய தேங்காய் பன் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"டீயா காபியா?" என்று கேட்டுவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். பழைய காத்திருப்புத்தான், இப்போது அவளுக்கு அது பழகிப்போன சங்கீதம். ஒரு சேலை முடிந்தது. இரண்டு துண்டு முடிந்தது.

"நீ எப்படி இருக்கே அம்மிணி?" என்றார் தனபால்.

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் ரேணுகா.

பட்.

மேசையில் விழுந்த கையைப் பார்த்து அவள் சிரிக்கப் போனாள். சிரிக்காமல் நின்றாள். தனபால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்காமல்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் சொல்லி முடித்திருந்தாள். கவினுக்குச் சொல்வது அதுதான். லாரன்ஸுக்கும், கூடத்தில் கேட்கிறவர்களுக்கும் அதுதான். புருஷன் விழுந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் ஒரு எழுத்து மாறாமல் அதே பதில்தான். தன்னையே உள்ளே போய்க் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் எது என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

"சொல்றேனுங்க" என்றாள். "கொஞ்சம் நேரமாகும்."

தனபால் தேங்காய் பன் பொட்டலத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, கையை அவள் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.